கோடை மலரில் விட்டுப்போன மாதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குன்னூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் 34 வருஷமாக வர்க்கிக் கடையும் (வர்க்கி என்பது எங்கள் மலையின் மொறுமொறு அடுக்கு பிஸ்கட்) டீக்கடையும் சேர்த்து நடத்துகிறவன் எழுதுகிறேன். தங்கள் நாளிதழைக் கடைக்கு வாங்குகிறேன். காலை ஆறரைக்கு வந்து விழும். பத்து மணிக்குள் டீக்கறை படாத பக்கம் இருக்காது. முதல் பக்கம் ஒருவர் கையில், ராசிபலன் இன்னொருவர் கையில் என்று பிரிந்து போய், மதியம் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆசிரியர் கடிதப் பக்கம்தான். அதனால் அந்தப் பக்கத்துக்கு எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் வந்த உங்கள் கோடை மலரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எட்டுப் பக்கம், நல்ல வழுவழுப்பான தாள், ‘நீலகிரியில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’. போன வருஷமும் இதே பத்துதான். அதற்கு முந்தின வருஷமும் இதே பத்து. வரிசை மட்டும் மாறும். தொட்டபெட்டா மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் கரூரிலிருந்து ஒரு குடும்பம் கடைக்கு வந்தது. கணவன், மனைவி, ஒரு பாட்டி, எட்டு வயதுப் பெண் குழந்தை, கையில் ஒரு பையன். அந்த மனிதர் உங்கள் மலரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். விரித்துக் காட்டி, “ஏனுங்ண்ணா, இந்தப் பழக் கண்காட்சி எங்கீங்க? சிம்ஸ் பார்க்குக்குப் போனா அங்க பந்தலைப் பிரிச்சுட்டு இருக்காங்க” என்றார். கண்காட்சி முந்தின நாளே முடிந்துவிட்டது. மூன்று நான்கு நாள்தான் நடக்கும். உங்கள் மலரில் ‘மே மாதத்தில் நடைபெறும் பழக் கண்காட்சி’ என்று மட்டும் இருந்தது. தேதி இல்லை. அவரும் மே மாதத்தில்தான் வந்தார், பாவம். பழத்தில் செய்த உருவங்களைக் காட்டுகிறேன் என்று சொல்லிக் கூட்டி வந்த மகளிடம் காலிப் பந்தலையும் ஈ மொய்த்துக்கொண்டிருந்த அன்னாசித் தோலையும் காட்டியிருக்கிறார்.

மலர் தயாரிக்கும்போது தேதி அறிவிக்கவில்லை என்பீர்கள். இருக்கலாம். அது என் பிரச்சினை இல்லை. எங்கே போகலாம் என்று மட்டும் சொல்லி, எப்போது போகலாம் என்று சொல்லாமல் விடுகிறீர்களே, அதுதான் என் வருத்தம். மலைநாட்டில் ஒரே இடம் மாசியில் ஒன்று, ஆடியில் வேறொன்று. கோடை மலர் ஒன்றோடு நிறுத்தாமல் மாதம் ஒரு அரைப் பக்கம், இந்த மாதம் மலையில் என்ன பூக்கிறது, என்ன பழுக்கிறது, எங்கே தேர், எந்தச் சாலை மூடல் என்று போடுங்கள் என்பதுதான் என் விண்ணப்பம். உங்கள் நிருபருக்கு உதவட்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கரூர்க் குழந்தையின் கதையை முடித்துவிடுகிறேன். மணி பத்தேகால். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, பாட்டியையும் அந்தப் பெண்ணையும் ரயில்வே கேட் பக்கம் கூட்டிப் போனேன். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்புகிற வண்டி பத்தரை வாக்கில் குன்னூருக்கு வரும். முதலில் சத்தம். அப்புறம் மரங்களுக்கு மேலே புகை. அதற்கப்புறம் பார்த்தால் எஞ்சினைக் காணோம், நீலமும் வெள்ளையுமாகப் பெட்டிதான் முன்னால் வருகிறது. பெட்டியின் முகப்பில் ஒரு பிரேக்ஸ்மேன் கையில் கொடியோடு நிற்கிறார். கடைசிப் பெட்டிக்கும் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, எஞ்சின்.

“தாத்தா, எஞ்சினைப் பின்னாடி மாட்டிட்டாங்க” என்றாள் அந்தப் பெண், தப்பைக் கண்டுபிடித்துவிட்ட குரலில்.

வேண்டுமென்றுதான் அங்கே மாட்டியிருக்கிறார்கள். மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் அப்படி. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயர்கிற இடங்கள் உண்டு. இணைப்பு விட்டுப்போனால் பெட்டிகள் பின்னால் உருண்டுவிடக் கூடாது என்று எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளிக்கொண்டு வருகிறது. சாதாரணச் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை இரண்டு போட்டிருக்கிறார்கள். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததில் பள்ளம். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். இப்படி 1899-லிருந்து குன்னூருக்கு ரயில் வருகிறது. ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தது 1908-ல். 46 கிலோமீட்டரில் 16 குகை, 250 பாலம், 208 வளைவு. குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். அந்த மாற்றத்தை நடைமேடையில் நின்று பார்க்கலாம். குழந்தை அரை மணி நேரம் அசையவில்லை. பாட்டிதான், “நம்மூர் ஆலையில கரும்பு ஆடுற சக்கரம் மாதிரியே இருக்குதே” என்றார். அவர் சொன்னபிறகுதான் எனக்கும் அது தோன்றியது.

மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று வருஷம் முழுக்க என் கடையில் புலம்பல் கேட்கிறேன். வண்டியில் ஏறாமலே அதைப் பார்க்கலாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதக் கூடாதா? ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்களுக்கு இன்னொரு வரியும் வேண்டும்: அந்த இரண்டு மாதமும் கல்லாறு பக்கம் மண் சரிந்து வண்டி அடிக்கடி ரத்தாகும். வடகிழக்குப் பருவமழையில் குன்னூரும் கோத்தகிரியும்தான் அதிகம் நனையும். தென்மேற்கில் ஊட்டிக்கு மேற்கே, அவலாஞ்சி, கூடலூர் பக்கம். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அன்றைக்கு குன்னூரில் நான் குடை இல்லாமல் கடை திறந்தேன். ‘நீலகிரியில் கனமழை’ என்று நீங்கள் ஒரே தலைப்பாகப் போட்டுவிட்டால் படிக்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது.

இப்போது ஆனி பிறக்கப் போகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற வழியில் பர்லியாரில் தோட்டக்கலைத் துறைப் பண்ணை இருக்கிறது. ஆயிரம் பேர் அதன் வாசலில் டீ குடிக்க வண்டியை நிறுத்துகிறார்கள், உள்ளே துரியன் மரம் நிற்பது பத்துப் பேருக்குத் தெரிந்தால் அதிகம். ஆனி, ஆடியில் பழுக்கும். மரத்திலிருந்து தானாக விழவேண்டும். பறித்தால் ருசி இல்லை என்பார்கள். பிள்ளை இல்லாதவர்கள் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை, அதனால் விலையும் ஏறிக் கிடக்கும். நம்பிக்கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பழத்தைப் பற்றிச் சொல்கிறேன். என் மனைவிக்கு அந்த வாடை ஆகாது. ஒரு தடவை வாங்கி வந்து வீட்டுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து நானும் மகனும் மட்டும் தின்றோம். மேலே பலாப்பழம் போல முள். உள்ளே சுளை வெண்ணெய் போல விரலில் ஒட்டும். அழுகிய வெங்காயத்தையும் பாயசத்தையும் ஒன்றாகக் கலந்தால் வருகிற ஒன்று. இரண்டாவது சுளையில் வாடை மறந்துவிடும். கல்லாறு பண்ணையில் இதே சமயம் மங்குஸ்தான் வரும், அது எல்லோருக்கும் பிடிக்கும். புரட்டாசி வாக்கில் சிம்ஸ் பார்க்கை ஒட்டிய பழப்பண்ணைப் பக்கம் பெர்சிமன். பார்த்தால் தக்காளி, கடித்தால் தேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வர்க்கிக்கும் சீசன் உண்டு என்று சொன்னால் என் வாடிக்கையாளர்களே நம்பமாட்டார்கள். மைதா, சர்க்கரை, உப்பு, வனஸ்பதி, அப்புறம் ‘மாவா’ என்று நாங்கள் சொல்கிற புளித்த மாவு. வாழைப்பழம், ரவை, மைதா, சர்க்கரை சேர்த்துப் புளிக்க வைப்பது. கடையில் வாங்குகிற ஈஸ்ட் கிடையாது. பிசைந்ததை மணிக்கணக்கில் ஊறவிட்டு, நீள மேசையில் மெல்லிசாக இழுத்து, மடித்து, திரும்ப இழுத்து, மடித்து, கையால் கிள்ளித் தட்டில் அடுக்கி விறகு அடுப்பில் வைக்கவேண்டும். கிள்ளுவது கத்தியால் ஆகாது. கத்தி பட்டால் அடுக்கு ஒட்டிக்கொள்ளும், கையால் கிள்ளினால்தான் ஓரம் சிலிர்த்து நிற்கும். என் அப்பா அந்த அடுப்பைக் கடைசி வரை ‘போறணை’ என்றுதான் சொன்னார். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் வந்தவர். இங்கே முதலில் கொழுந்து பறித்தார், அப்புறம் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தார். சரி, அது வேறு கதை. சொல்ல வந்தது என்னவென்றால், தை, மாசி, பங்குனியில் காற்று காய்ந்து கிடக்கும், அப்போது போட்ட வர்க்கி பத்து நாள் ஆனாலும் மொறுமொறுப்புக் குறையாது. மழை மாதத்தில் காலையில் போட்டது சாயங்காலம் நமத்துவிடும். மே மாதக் கூட்டத்துக்கு அவசரத்தில் போடுகிற வர்க்கியைப் பற்றி நான் வாயைத் திறக்காமல் இருப்பது தொழிலுக்கு நல்லது. தேயிலையும் அப்படித்தான். பனிக்காலத்தில், மார்கழியிலிருந்து மாசி வரை பறித்த கொழுந்தின் மணம் ஆடி மாதத் தேயிலைக்குக் கிடையாது.

தேர்த் திருவிழாக்களை நீங்கள் உள்ளூர்ப் பக்கத்தில், ‘பக்தர்கள் திரளாகக் கலந்துகொண்டனர்’ என்று நாலு வரியில் முடித்துவிடுகிறீர்கள். ஊட்டி மார்க்கெட்டை ஒட்டிய மாரியம்மன் கோயில் விழா ஏறக்குறைய ஒரு மாதம் நடக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு சமூகத்தாரின் உபயம், ஒவ்வொரு நாளும் அம்மன் ஊர்வலம். மேளமும் உடையும் பலகாரமும் நாளுக்கு நாள் மாறும். இந்த ஊருக்கு யார் யார் எங்கெங்கிருந்து பிழைக்க வந்தார்கள் என்பதை ஒரு மாதம் மார்க்கெட் பக்கம் நின்றே தெரிந்துகொள்ளலாம். சித்திரை பிறந்த கையோடு ஒரு செவ்வாய்க்கிழமை தேர். அந்தத் தேரின் மேல் உப்பை வாரி இறைப்பது வேண்டுதல். என் அம்மா இருந்தவரை வருஷா வருஷம் முந்தானையில் ஒரு படி கல்லுப்பை முடிந்துகொண்டு குன்னூரிலிருந்து பஸ் ஏறிவிடுவார். ஒரு வருஷம் தேருக்கு ரொம்பப் பக்கத்தில் போய்விட்டோம். யாரோ இறைத்த உப்பு என் கண்ணில் விழுந்து, அம்மன் முகத்தைப் பார்க்காமலே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றேன். “உனக்குத்தான் மொதல் பிரசாதம்” என்று அம்மா சிரித்தார். தேர் போனபிறகு ரோடு முழுக்க வெள்ளையாக உப்பு கிடக்கும், நடந்தால் செருப்புக்கு அடியில் நறநறவென்று. மே மாத மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர் ஒரு மாதம் முந்தி வந்தால் இதைப் பார்க்கலாம், அறை வாடகையும் பாதிதான் ஆகும். எங்கள் குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழாவும் அதே சித்திரையை ஒட்டித்தான். நான் இந்த ஊர்க்காரன், அதைப் பற்றி அதிகம் சொன்னால் பெருமையடிப்பதாக ஆகிவிடும்.

அதற்கு முந்தின மாதத்தில் ஜகரண்டா பூக்கும். பங்குனி முழுக்க ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ரோடுகளில் மரத்தில் இலையைவிட ஊதாப் பூ அதிகம். டிக்கெட் இல்லை, நேரம் இல்லை, பூட்டு இல்லை.

மார்கழியை எடுத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி பக்கம் பேரகணியில் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை. சுற்றுவட்டத்து அட்டிகளிலிருந்து, அதாவது படுகர் ஊர்களிலிருந்து, பெரியவர்கள் வெள்ளை உடுத்து, காலில் செருப்பில்லாமல், குடை பிடித்து, கையில் கோலோடு நடந்து வருவார்கள். தேயிலைத் தோட்டத்தின் பச்சைக்கு நடுவே அந்த வெள்ளை வரிசை வளைந்து வளைந்து வருவதைக் கோத்தகிரி பக்கம் போகும்போது பஸ் ஜன்னலிலிருந்தே நான் பார்த்திருக்கிறேன். கிட்டத்தட்ட இதே பருவத்தில் ஊட்டியைத் தாண்டி தலைக்குந்தா பக்கம் முத்தநாடு மந்தில் (மந்து என்றால் தோடர் ஊர்) தோடர்களின் மொற்பர்த் பண்டிகை. அவில் புல் வேய்ந்த கூம்பு வடிவக் கோயில், அங்கே ஆண்கள் மட்டும் வழிபடுவார்கள், அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஆட்டம், இளவட்டங்கள் கல் தூக்குவது. கோத்தர்களின் கம்பட்டராயர் திருவிழாவும் இந்தக் குளிரில்தான். இவையெல்லாம் அவரவர் வீட்டுச் சாமி காரியம், பொருட்காட்சி இல்லை. இதை எழுதும்போது அதையும் சேர்த்து எழுதுங்கள். கேட்டுவிட்டுப் போகவேண்டும், தள்ளி நிற்கவேண்டும், சொன்னால் கேமராவை உள்ளே வைக்கவேண்டும். ட்ரோன் பறக்கவிட்ட ஒரு இளைஞனை அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அந்தப் பையன் அப்புறம் வீடியோ எடுத்திருக்கமாட்டான்.

குளிர் என்றதும் உங்கள் பத்திரிகை ‘ஊட்டியில் கடும் குளிர், பொதுமக்கள் அவதி’ என்று தீ மூட்டிக் காய்கிற படம் போடும். ஒரு வருஷம் தை மாதம் மகனோடு தலைக்குந்தாவுக்கு ஸ்கூட்டரில் போனேன். அருவங்காடு தாண்டும்போதே விரல் மரத்துவிட்டது. அங்கே போய்ச் சேர்ந்தபோது ஆறே முக்கால் இருக்கும். முதலில் நீர்ப்பனியாகத் தொடங்குவது தையில் உறைபனி ஆகிவிடும். புல்வெளி முழுக்க உப்புக் கொட்டினதுபோல வெள்ளை. ஷூவை வைத்தால் சறுக் என்று நொறுங்கும் சத்தம். அப்புறம் வெயில் மரத்துக்கு மேலே வந்தது. வெயில் பட்ட இடமெல்லாம் கண் முன்னாலேயே பச்சையாகிக்கொண்டே வந்தது. மரத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் பனி போகவில்லை. பார்த்தால் பச்சைப் புல்லில் வெள்ளையாக ஒரு மரம் படுத்திருக்கிறது, கிளை கிளையாக. வெயில் நகர நகர அதுவும் ஓரத்திலிருந்து கரைந்துகொண்டே போனது. மகன் போனை எடுத்தான், விரல் மரத்ததால் போன் திறக்கவில்லை. இருபது நிமிஷத்தில் எல்லாம் ஈரப் புல் ஆகிவிட்டது. எட்டு மணிக்கு ஓட்டலில் எழுந்து வருகிறவர்கள் இதைப் பார்க்கவே முடியாது. அதே நாட்களில் தாவரவியல் பூங்காவில் செடிகளுக்கு மேல் கோத்தகிரி மிலாறு என்கிற செடியின் தழைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், பனி பட்டால் கருகிவிடும் என்று. வருகிறவர்கள் ‘பூவே இல்லை’ என்று திட்டிவிட்டுப் போவார்கள். பூ அடியில் இருக்கிறது.

மழை நாளில் என்ன செய்வது என்று கேட்பவர்களை நான் ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரைக்கு அனுப்புவேன். அங்கே பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்து அருங்காட்சியகம் இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று இந்த மலையின் ஆறு குடிகளின் பொருட்களும் வீட்டு மாதிரிகளும் இருக்கும். கூட்டமே இராது. அந்தப் பக்கம்தான், வானத்திலிருந்து வருகிற ரேடியோ அலைகளைப் பிடிக்கிற ரேடியோ தொலைநோக்கி. 1970-ல் கட்டியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், குழாயை நீளவாக்கில் பிளந்து மலைச்சரிவில் கவிழ்க்காமல் மல்லாத்தி வைத்ததுபோல. கண்ணாடிக்குப் பதில் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். அதை அந்தச் சரிவில் ஏன் வைத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். இந்த இடம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரி. சரிவும் ஏறக்குறைய அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு நேராக அமைந்துவிடுகிறது. ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும், வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். இப்படி ஒரு சரிவைத் தேடி ஊட்டிக்கு வந்திருக்கிறார்கள். உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு நடுவில் அது நிற்பதை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். உள்ளே போக அனுமதி கேட்கவேண்டும். என் கடைக்கு வருகிற பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் படகு சவாரியை மறந்துவிடுகிறார்கள். எல்லோரும் இல்லை. சிலர்.

படகு என்றதும் ஞாபகம் வருகிறது. ஊட்டி ஏரியை ‘இயற்கை தந்த ஏரி’ என்று உங்கள் மலரில் போட்டிருந்தீர்கள். அது கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் ஓடையைத் தடுத்துக் கட்டியது. அவர் முதலில் 1819-ல் வந்து தங்கின இடம் கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கு, அங்கே அவர் கட்டின பங்களாவில் ஒரு நினைவகம் இருக்கிறது, உங்கள் பத்து இடங்களில் அது இல்லை. அப்புறம், ‘கோடைக் குதிரைப் பந்தயம்’ என்று ஒரு கட்டம் போட்டிருந்தீர்கள். அந்த மைதானத்து நிலத்தை 2024-லேயே அரசு எடுத்துக்கொண்டுவிட்டது. பழைய மலரை அப்படியே எடுத்துப் போட்டால் இதுதான் நடக்கும்.

‘பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி’ என்று இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எழுதுகிறீர்கள் என்று என் கடையில் ஒரு டிரைவர் கிண்டல் செய்வார். உங்கள் மேல் முழுத் தப்பும் இல்லை. குறிஞ்சியில் பல வகை, பூக்கும் கணக்கும் வகைக்கு வகை வேறு. சரிவுக்குச் சரிவும் வருஷம் மாறும். 2018-ல் பூத்தது, அப்புறம் 2024 செப்டம்பரில் பிக்கபத்தி மந்து பக்கத்துச் சரிவில் பூத்தது. எந்தச் சரிவு, எந்த வகை என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் டிரைவர் வாயை அடைத்துவிடலாம். ஆனால் வழியை மட்டும் ரொம்ப விவரமாகப் போடாதீர்கள். போட்டால் பூவின் மேலேயே உட்கார்ந்து படம் எடுப்பார்கள்.

நடைமுறை விஷயங்களையும் கட்டம் கட்டிப் போடலாம். 2024 மே 7-லிருந்து உயர்நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். போன கோடையிலும் கூட சோதனைச் சாவடியில் நின்று போனில் விண்ணப்பம் போடுகிறவர்களைப் பார்த்தேன். 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸில் வந்தால் இந்தத் தொல்லையே இல்லை, இதை யாரும் எழுதுவதில்லை. சீசனில் ஊட்டிக்கு ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. குன்னூரில் எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போனால் இறங்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. என் கடையில் இப்படி விட்டுப்போன குடைகள் மட்டும் பதினேழு இருக்கின்றன. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பை இரண்டும் இங்கே தடை. துணிப்பை கொண்டுவரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ராத்திரி சாப்பாட்டுக் கடைகள் சீக்கிரம் மூடிவிடுகின்றன என்று வெளியூர்க்காரர்கள் குறைப்படுகிறார்கள். கரடிக்கு அது தெரியாது. போன மாதம் என் கடைக்குப் பின்பக்கத் தகரத்தைப் பெயர்த்து எண்ணெய் டின்னை உருட்டிக் குடித்துவிட்டு, வர்க்கி இருந்த டப்பாவை மோந்துகூடப் பார்க்காமல் போயிருக்கிறது. அந்த அவமானத்தை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. காட்டுமாடு பட்டப்பகலிலேயே தெருவில் வரும். அதைப் பார்த்தால் ஒதுங்கி நில்லுங்கள், செல்பி வேண்டாம் என்று அந்த அரைப் பக்கத்தில் எல்லா மாதமும் போட்டுவிடலாம்.

கரூர்க்காரர் போகும்போது உங்கள் மலரை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். அதன் ஓரத்தில் அவர் மகள் பென்சிலால் ஒரு ரயில் வரைந்திருக்கிறாள், எஞ்சின் பின்னால். இந்தக் கடிதத்தோடு அதைக் கிழித்து அனுப்பலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. கல்லாப்பெட்டிக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். உங்கள் நிருபர் துரியனுக்காக பர்லியார் வரும்போது இன்னும் கொஞ்சம் வளைவு ஏறி வந்தால் பார்க்கலாம். டீ என் கணக்கில்.

பெயரைப் போட்டால் கடைக்கு விளம்பரம் தேடுகிறேன் என்பார்கள், வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வர்க்கிக் கடைக்காரன்,
குன்னூர்.